பொத்தான யாரு வரைஞ்சா?

ஸ்பிரிங்வெளியில் நாலு மணிக்கு மேல் நமுனுகுலைப் பக்கமிருந்து மூடுபனி இறங்கிவிட்டால் வாசலில் உட்கார்ந்து பேச முடியாது. உள்ளே வந்து லைட்டைப் போட்டு, மடிக்கணினியைத் திறந்து பெரியப்பாவின் முன்னால் வைத்தேன். பெரியப்பா கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்ந்தவர். கொழுந்து நிறுத்து, பேர் போட்டு, கிலோ எழுதியே விரல் காய்த்தவர். அவருக்குக் காட்டத்தான் அந்தச் சின்ன நிரலை எழுதியிருந்தேன். திரையில் உள்ளங்கை அளவு ஒரு ஜன்னல். மேலே ‘கொழுந்து’ என்று ஒரு சொல். கீழே கிலோவைத் தட்ட ஒரு கட்டம். அதற்கும் கீழே ‘கூட்டு’ என்று ஒரு பொத்தான்.

பெரியப்பா சுட்டியை மெல்ல நகர்த்தி அம்புக்குறியைப் பொத்தான் மேல் கொண்டுபோனார். பொத்தான் லேசாக வெளுத்தது. அழுத்தினார், உள்ளே போனது. விட்டார், மேலே வந்தது. இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார்.

“ஏம்பா, இந்த பொத்தான நீயா வரைஞ்ச?”

“இல்ல பெரியப்பா.”

“அப்ப யாரு வரைஞ்சா?”

நான் எழுதியது 43 வரி. எண்ணிப் பார்த்துவிட்டேன். ‘ஒரு ஜன்னல் வேண்டும், அதில் இந்தச் சொல், ஒரு கட்டம், ஒரு பொத்தான், அழுத்தினால் எண்ணைக் கூட்டு’ என்பதற்கு மேல் அவற்றில் எதுவும் இல்லை. பொத்தானின் மூலை வளைவைப் பற்றியோ, அம்புக்குறி மேலே வந்தால் வெளுக்கவேண்டும் என்றோ, அழுத்தினால் உள்ளே போகவேண்டும் என்றோ ஒரு சொல்கூட நான் எழுதவில்லை. அப்படியானால் பெரியப்பா கேட்டது நியாயமான கேள்விதான்.

பொத்தான், கட்டம், பட்டியல், உருள்பட்டை என்று திரையில் நாம் தொடும் பொருள்களையெல்லாம் முன்கூட்டியே செய்து அடுக்கி வைத்திருக்கும் நிரல் தொகுதிகள் உண்டு. லைப்ரரி என்பார்கள், இங்கே நிரலகம் என்று வைத்துக்கொள்வோம். மனிதனும் இயந்திரமும் முகம் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு இடைமுகம் என்று பெயர் என்பதால், இது இடைமுக நிரலகம். நான் எடுத்துக்கொண்டது ஜிடிகே.

தோட்டத்து ஆளுக்கு இதை விளங்கவைக்க ஸ்டோரைக் காட்டினால் போதும். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஸ்டோர் என்றே சொல்வோம். மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்ற தோட்டப் பிரிவுகளில் எத்தனையோ மலைகளில் கொழுந்து எடுக்கிறார்கள். ஒவ்வொரு மலைக்கும் தனித்தனியாக வாட்டும் தட்டு, உருட்டும் இயந்திரம், காயவைக்கும் அடுப்பு என்று கட்டிக்கொண்டிருந்தால் எந்தத் தோட்டம் தாங்கும்? ஸ்டோர் ஒன்றுதான், எல்லா மலைக் கொழுந்தும் அங்கேதான் போய்ச் சேர்கிறது. என் 43 வரியும் அப்படிப்பட்ட ஒரு மலைக் கொழுந்து. வாட்டி உருட்டுவதெல்லாம் ஜிடிகேயின் பாடு.

இந்த ஸ்டோர் எப்படி வந்தது என்று கேட்டால், கதை கலிபோர்னியாவுக்குப் போகும். பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் இருவரும் 1995 இல் படம் திருத்தும் செயலி ஒன்றை எழுதத் தொடங்கினார்கள். இன்றைக்கும் பலர் கையில் இருக்கும் கிம்ப் அதுதான். தொடக்கத்தில் அதன் பொத்தான்களுக்கு மோட்டிஃப் என்ற நிரலகத்தை நம்பியிருந்தார்கள். அன்று மோட்டிஃப் காசு கொடுத்து வாங்கவேண்டிய சரக்கு. கிம்ப்பின் மூல வரிகளை ஊருக்கெல்லாம் சும்மா கொடுத்தும், மோட்டிஃப் இல்லாதவர்களால் அதை ஓடும் நிரலாக்க முடியவில்லை. அரிசியை இனாமாகக் கொடுத்துவிட்டுப் பானைக்கு விலை சொன்ன கதை. மோட்டிஃபோடு மல்லுக்கட்டிச் சலித்த மாட்டிஸ் பானையையும் தானே வனைந்துவிட்டார். கிம்ப்புக்கான கருவித்தொகுதி என்பதன் சுருக்கமே ஜிடிகே. 1997 இல் தொடங்கிய க்னோம் திட்டம் அதை எடுத்துக்கொண்டு ஒரு முழு மேசைத் திரையையே அதன் மேல் கட்டியது.

இதே காலத்தில் நோர்வேயில் இன்னொரு ஸ்டோர் எழும்பியது. ஹாவார்ட் நோர்ட், ஐரிக் சாம்ப்-எங் என்ற இருவர் எழுதிய க்யூட்டி 1995 இல் வெளிவந்தது. க்யூ என்ற எழுத்தை ஏன் தேர்ந்தார்கள்? நோர்ட் நிரல் எழுதும் செயலியின் எழுத்துருவில் அந்த எழுத்து அழகாக இருந்ததாம். வேறு காரணம் இல்லை. பெயர் வைப்பதற்கு இதைவிட நேர்மையான காரணத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

சரி, ஸ்டோர் இருக்கிறது, கொழுந்தும் இருக்கிறது. இரண்டும் எங்கே சந்திக்கின்றன? அதற்குத்தான் கம்பைல் செய்வது என்ற சடங்கு. மனிதருக்குப் புரியும் மூல வரிகளை இயந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் கருவியை நிரல்பெயர்ப்பி என்கிறோம். கம்பைலர் என்ற பெயர் 1952 இலிருந்து வருகிறது. அமெரிக்காவில் கிரேஸ் ஹாப்பர் எழுதிய ஏ-0 என்ற நிரல், நாடாவில் பதிந்து வைத்திருந்த சிறு நிரல்துண்டுகளை இலக்கம் சொல்லி எடுத்து ஒன்றாகத் தைத்தது. தொகுத்ததால் தொகுப்பி. வேடிக்கை என்னவென்றால், அந்தத் தையல் வேலையை இன்று நிரல்பெயர்ப்பி செய்வதில்லை. அதற்கு இணைப்பி என்று வேறொரு ஆள் இருக்கிறார். அவரிடம் பிறகு வருவோம்.

என் 43 வரியின் முதல் வரி, ஜிடிகேயின் தலைப்புக் கோப்பை இங்கே கொண்டுவா என்பது. ஹெடர் ஃபைல் என்பார்களே, அது. அந்தக் கோப்பைத் திறந்தால் அது வேறு கோப்புகளைக் கூப்பிடும். அவை இன்னும் பலவற்றைக் கூப்பிடும். கல்யாண வீட்டுக்கு ஒருவரை அழைத்தால், வரிசை வீடுகள் கொண்ட லயமே கிளம்பி வருகிற மாதிரி. எல்லாம் வந்து சேர்ந்த பிறகு நிரல்பெயர்ப்பியின் முன்னால் பல பத்தாயிரம் வரிகள் கிடக்கும். என்னுடையவை அந்தக் குவியலின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அத்தனை வரியிலும் பொத்தான் வரைவது எப்படி என்று இருக்கும் என்றுதான் நானும் ஆரம்பத்தில் நினைத்தேன். தேடிப் பார்த்தால் அது அங்கே இல்லை. இருப்பது பேர்ப்பட்டியல். ‘பொத்தான் செய்பவர் ஒருவர் உண்டு. அவரிடம் ஒரு சொல்லைக் கொடுத்தால் ஒரு பொத்தானைத் திருப்பித் தருவார்.’ அவ்வளவுதான். அவர் யார், எங்கே இருக்கிறார், எப்படிச் செய்வார் என்பது பற்றிப் பேச்சே இல்லை. நிரல்பெயர்ப்பிக்கு இந்த வாக்கு ஒன்றே போதும். நான் சொல்லுக்குப் பதிலாக எண்ணைக் கொடுத்திருந்தால் அங்கேயே என்னைப் பிடித்துவிடும். சரியாகக் கொடுத்திருந்தால் நம்பி மேலே போய்விடும்.

நம்பிப் போவது என்றால் எப்படி? இன்டெல் வகை 64 பிட் கணினியில் ‘இன்னாரைக் கூப்பிடு’ என்ற கட்டளைக்கு 5 பைட் இடம் போகும். முதல் பைட், கூப்பிடு என்பதற்கான குறி. மிச்சம் 4 பைட், யாரை என்பதற்கு. நிரல்பெயர்ப்பி முதல் பைட்டை எழுதுகிறது. பிறகு நான்கு சுழியங்களைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. ‘இந்தப் பள்ளத்தில் பொத்தான் செய்பவரின் முகவரி வரவேண்டும்’ என்று ஓரத்தில் ஒரு குறிப்பு மட்டும் வைக்கிறது. ஜன்னலுக்கு, கட்டத்துக்கு, சொல்லுக்கு என்று என் நிரல் முழுக்க இப்படிப் பள்ளங்கள். நடவுக்குக் குழி வெட்டி விட்ட மலை மாதிரி இருக்கும், கன்று இன்னும் வரவில்லை.

இணைப்பி இங்கேதான் வருகிறார். லிங்கர் என்று சொல்வது இவரைத்தான். எந்த நிரலகம், எந்தக் கோப்புறையில் என்று இவரிடம் சொல்லவேண்டும். ஜிடிகே தனியாள் இல்லை என்பதால் கையால் எழுதினால் மூன்று நான்கு வரிக்கு நீளும். இதற்கென்றே ஒரு சிறு கருவி இருக்கிறது. ஜிடிகே என்று ஒரே ஒரு பெயர் சொன்னால் போதும், முழு முகவரிக் கொத்தையும் அது ஒப்பிக்கும். சொல்ல மறந்தீர்களோ, இணைப்பி சினந்துவிடுவார். ‘வரையறுக்கப்படாத பெயர்’ என்று வரிசையாகத் திரை நிறையும். முதல் தடவை இதைக் கண்டபோது என் நிரல் முழுக்கப் பிழை என்று நினைத்து இரவெல்லாம் வரிவரியாகத் தேடினேன். பிழை நிரலில் இல்லை, கட்டளையில் ஒரு சொல் விடுபட்டிருந்தது. நிரல்பெயர்ப்பி நம்புவதற்குப் பெயர் போதும், இணைப்பிக்கோ அந்தப் பேருடைய ஆள் நேரில் இருக்கவேண்டும்.

அதன் பிறகும் ஆச்சரியம் இருக்கிறது. ஆளைப் பார்த்துவிட்ட இணைப்பி, அவரை என் நிரலுக்குள் கொண்டுவந்து வைப்பதில்லை. ‘இந்த நிரல் ஓடும்போது ஜிடிகே தேவை, 3 ஆம் பதிப்பு’ என்று நிரலின் முகப்பில் ஒரு சீட்டை ஒட்டிவிட்டு, பள்ளங்களுக்குப் பதிலாக ஒரு சிறு முகவரிப் பலகையை மட்டும் வைக்கிறார். அதனால்தான் எல்லாம் முடிந்த என் நிரல் ஏறத்தாழ 16 கிலோபைட்டில் அடங்கிவிட்டது. கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் 3 மெகாபைட் என்றால், அந்த ஒரு படத்தின் இடத்தில் என் நிரலை 190 தடவை வைக்கலாம். ஜன்னலும் பொத்தானும் தமிழும் காட்டும் நிரல் இவ்வளவு சிறிதாக இருப்பது, உள்ளே அவை எதுவும் இல்லாததால்தான்.

நிரலை இருமுறை தட்டித் திறக்கிறோம். முதலில் எழுந்திருப்பது என் நிரல் இல்லை. ஏற்றி என்ற வேறொரு நிரல். முகப்பில் இருக்கும் சீட்டைப் படித்து, ஜிடிகேயைத் தேடி, நினைவகத்துக்குக் கொண்டுவருகிறது. ஜிடிகேயின் முகப்பில் இன்னும் பல சீட்டுகள். எழுத்துக்கு ஒருவர், கோடு வரைய ஒருவர், படத்துக்கு ஒருவர். அவர்களுக்கும் ஆள்கள் தேவை. என் கணினியில் எண்ணினால், என் 43 வரிக்காக எழுபதுக்குக் கிட்ட நிரலகங்கள் எழுந்து வருகின்றன. ஒரு பொத்தானைக் காட்ட, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கக் கூடும் ஒரு முழுப் பெரட்டு! இத்தனையும் நாம் தட்டிய விரலை எடுப்பதற்குள் ஏறக்குறைய முடிந்துவிடும்.

முகவரிப் பலகையை நிரப்புவதிலும் ஒரு தந்திரம். புதிதாக வந்த தபால்காரர் முதல் கடிதத்துக்கு மட்டும் ‘இன்னார் வீடு எது’ என்று கேட்பார். அடுத்த தடவை நேராகப் போய்விடுவார். அதே முறைதான். ஒரு பெயர் முதன்முதல் தேவைப்படும்போது மட்டும் ஏற்றி தேடுகிறது, கண்டதைப் பலகையில் எழுதிவிடுகிறது, மறுபடி கேட்பதில்லை. பலகை திறந்தபடி கிடந்தால் யாராவது திருட்டு முகவரியை எழுதிவிடலாம் என்ற பயத்தில், இப்போது பல லினக்ஸ் வெளியீடுகள் எல்லாப் பெயரையும் தொடக்கத்திலேயே நிரப்பிப் பலகையைப் பூட்டிவிடுகின்றன. கொஞ்சம் நேரம் கூடும், நிம்மதியும் கூடும்.

ஒரே கணினியில் ஜிடிகேயை நம்பிப் பத்து நிரல்கள் ஓடினாலும் அதன் கட்டளைகள் நினைவகத்தில் ஒரு தடவைதான் இருக்கும். பத்து நிரலும் அதே பிரதியைப் பார்க்கும். ஒவ்வொன்றும் அது தனக்கே சொந்தம் என்று நினைத்துக்கொள்ளும். லயத்துப் பொதுப் பீலித் தண்ணீர் இப்படிச் சண்டையில்லாமல் பங்கிடப்பட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

ஆனால் சண்டை வரும் இடமும் ஒன்று உண்டு. என் மடிக்கணினியில் உபுண்டு லினக்ஸ் 22.04. பதுளையில் ஒரு நண்பரின் கணினியில் 20.04. நிரலைக் கொண்டுபோய்த் தட்டினேன். ஜன்னல் வரவில்லை, ‘ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை’ என்று ஒரு வரிதான் வந்தது. ஜிலிப்சி என்பது எல்லா நிரலகங்களுக்கும் அடியில் கிடக்கும் அடித்தளம். 2021 இல் வந்த அதன் 2.34 பதிப்பில், நிரலைத் தொடக்கிவைக்கும் முதல் வேலைக்கே புதிய பதிப்பு முத்திரை குத்தினார்கள். அதற்குப் பிறகு கம்பைல் செய்யும் எந்தச் சாதாரண நிரலும், வேறொன்றும் கேட்காவிட்டாலும், அந்த முத்திரையைக் கேட்கும். 20.04 இல் இருப்பதோ 2.31. பழைய வீட்டில் கம்பைல் செய்தது புதிய வீட்டில் ஓடும், புதியதில் செய்தது பழையதில் ஓடாது. நண்பரின் கணினியிலேயே உட்கார்ந்து அதே 43 வரியை மறுபடி கம்பைல் செய்தேன். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை, ஓடியது.

ஜன்னல் வந்துவிட்டது. இனி என் நிரல் என்ன செய்கிறது? தூங்குகிறது. உண்மையாகவே. எப்படி என்று சொல்ல எங்கள் ரயில் பாதை உதவும். அதில் வந்தவர்களுக்குத் தெமோதரை தெரியும். 1924 இல் பதுளை வரை திறக்கப்பட்ட பாதை அது. மலைச்சரிவு செங்குத்து, ரயிலுக்கோ படிப்படியாகத்தான் இறங்கத் தெரியும். அதனால் தெமோதரை நிலையத்தை விட்ட வண்டி மலையை ஒரு சுற்றுச் சுற்றி, தான் சற்று முன் நின்ற நிலையத்துக்கே அடியில் குகை வழியாகப் போகும். தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டிய ஒரு கங்காணியைப் பார்த்துத்தான் பொறியாளருக்கு அந்த யோசனை வந்தது என்று ஊரில் ஒரு கதையும் உண்டு. என் நிரலின் கடைசி வரியும் அப்படி ஒரு சுற்றுக்குள் நுழைவதுதான். நிகழ்வுச் சுழல் என்பார்கள். ‘ஏதாவது நடந்ததா? இல்லையென்றால் தூங்குகிறேன், நடந்தால் எழுப்பு’ என்று இயங்குதளத்திடம் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளும். தெமோதரை வண்டி ஒரு சுற்றோடு பதுளைக்குப் போய்விடும். இதுவோ ஜன்னலை மூடும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும்.

சாதாரண சுட்டியிடம் கணினி ‘எங்கே இருக்கிறாய்’ என்று வினாடிக்கு 125 தடவை கேட்கிறது. பெரியப்பா சுட்டியை நகர்த்திய இரண்டு வினாடியில் என் நிரலை எழுப்ப 250 காரணங்கள் இருந்தன. ஒவ்வொரு தடவையும் ஜிடிகே கணக்குப் பார்த்தது: அம்பு ஜன்னலுக்குள் இருக்கிறதா, எந்தப் பொருளின் மேல், பொத்தானின் எல்லையைத் தாண்டி உள்ளே வந்ததா? வந்த கணத்தில் வெளுத்த உடுப்பை மாட்டிவிட்டது. அழுத்தியபோதும் அவசரப்படவில்லை. அழுத்திய இடமும் விரலை எடுத்த இடமும் ஒரே பொத்தானுக்குள் இருந்தால்தான் அது அழுத்தல். தவறி அழுத்திவிட்டால், விரலை எடுக்காமல் சுட்டியை வெளியே இழுத்துவிட்டுப் பாருங்கள், ஒன்றும் நடக்காது. இந்தக் கருணையை நான் எழுதவில்லை. யாரோ யோசித்து வைத்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகுதான் என் முறை. ‘அழுத்தினால் இந்த வேலையைச் செய்’ என்று நான் முன்பே பேர் கொடுத்து வைத்திருந்தேன். ஜிடிகே அந்தப் பேரைப் பார்த்து என் ஐந்து வரியைக் கூப்பிடுகிறது. மற்ற நிரல்களில் நான் நிரலகத்தைக் கூப்பிடுவேன். இங்கே நிரலகம் என்னைக் கூப்பிடுகிறது. காலையில் பெரட்டுக் களத்தில் நிற்கும் ஆளுக்குத்தான் இந்த ஏற்பாடு சட்டென்று பிடிபடும்.

இனி அந்த ஒரு சொல்லுக்கு வருவோம். ‘கொழுந்து’. எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

கண்ணுக்கு நான்கு எழுத்து: கொ, ழு, ந், து. கணினிக்குள் அவை எட்டுக் குறிகள்: க, ஒகரக் குறி, ழ, உகரக் குறி, ந, புள்ளி, த, உகரக் குறி. ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் வீதம் 24 பைட். யூனிகோட் தமிழுக்கு 247 எழுத்தையும் தனித்தனியாக வைக்கவில்லை. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், 11 உயிர்க்குறி, ஒரு புள்ளி, ஆக 43 குறி போதும், கிரந்த எழுத்துகள் தனி. என் நிரலும் 43 வரி என்பது தற்செயல்தான், ஆனாலும் எண்ணியபோது சிரிப்பு வந்தது.

குறிகள் நாம் சொல்லும் ஒழுங்கில் சேமிக்கப்படுகின்றன. கொ என்றால் முதலில் க, பிறகு ஒகரம். திரையிலோ கொம்பு முதலில் வரவேண்டும், நடுவில் க, கடைசியில் கால். ஒரே குறி இரண்டாக உடைந்து க-வின் இரு பக்கமும் போய் நிற்கவேண்டும். ஆங்கில எழுத்தில் இந்தத் தொல்லையே இல்லை. பழைய தட்டச்சு இயந்திரத்தில் விரல்தான் இந்த வேலையைச் செய்தது. கொம்பைத் தட்டி, க தட்டி, காலைத் தட்டுவோம். இலங்கையில் இன்றும் வழங்கும் ரெங்கநாதன் விசைப்பலகை அந்த வழியில் வந்ததுதான்.

1990களின் கடைசியில் இடைமுக நிரலகங்களுக்கு ஓர் எண்ணுக்கு ஒரு வடிவம் என்று இடமிருந்து வலமாக அடுக்க மட்டுமே தெரிந்திருந்தது. தமிழர்கள் என்ன செய்தார்கள்? நிரலகம் நமக்காக வளையாது என்று எழுத்தையே வளைத்தார்கள். திஸ்கி என்ற குறியாக்கம் கொம்பு, க, கால் என்று கண் பார்க்கும் ஒழுங்கிலேயே சேமித்தது. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் அகர வரிசைப்படுத்தவும் தேடவும் போனால் தலைவலி. க்யூட்டியின் பழைய பதிப்புகளைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே திஸ்கியை யூனிகோடாக மாற்றும் ஒரு பகுதியைக் காணலாம். அதில் பெரும்பகுதியை எழுதியவர் ஹான்ஸ் பெட்டர் பீக்கர் என்று அதன் ஆவணமே சொல்கிறது. பெயரைப் பார்த்தால் ஐரோப்பியர். அந்தப் பெயர் ஏன் தமிழ் எழுத்தோடு இத்தனை பாடுபட்டது என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

2002 இல் வந்த ஜிடிகே 2.0, பேங்கோ என்ற எழுத்தடுக்கும் நிரலகத்தோடு வந்தது. கிரேக்கத்தில் ‘பான்’ என்றால் எல்லாம், ஜப்பானிய மொழியில் ‘கோ’ என்றால் மொழி. எல்லா மொழிக்கும் ஆனது. இன்று பேங்கோவுக்குக் கீழே ஹார்ஃப்பஸ் இருக்கிறது. ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் வளர்த்தது. பெயர் பாரசீகம், திறந்த எழுத்து என்று பொருள். குரோமும் பயர்பாக்ஸும் ஆண்ட்ராய்டும் தமிழைக் காட்ட அதைத்தான் நம்பியிருக்கின்றன.

ஹார்ஃப்பஸ் ‘கொழுந்து’ என்ற எட்டுக் குறியை வாங்குகிறது. ஒகரக் குறியைக் கொம்பாகவும் காலாகவும் பிரிக்கிறது. கொம்பைத் தூக்கி க-வுக்கு முன்னால் வைக்கிறது. அடுத்து எழுத்துருவிடம் கேட்கிறது: ழ-வும் உகரமும் சேர்ந்தால் தனி வடிவம் இருக்கிறதா? இருக்கிறது, ழு. ந-வும் புள்ளியும்? ந். த-வும் உகரமும்? து. முடிவில் என் எழுத்துருவில் ஆறு வடிவங்கள். ஆக ஒரே சொல் கண்ணுக்கு 4, சேமிப்பில் 8, பைட்டில் 24, திரையில் 6! பேர் பதியும் ஏடான செக்ரோல் இப்படி இருந்தால் எந்தக் கணக்குப்பிள்ளையும் தாங்கமாட்டார். ஹார்ஃப்பஸ் தாங்குவதோடு, குறி ஒன்று துணையில்லாமல் தனியே வந்துவிட்டால் ஒரு புள்ளிவட்டத்தைத் துணைக்கு நிறுத்திக் காட்டவும் செய்கிறது. தமிழில் தட்டச்சு செய்பவர்கள் எல்லோரும் அந்த வட்டத்தைச் சந்தித்திருப்பார்கள்.

கட்டத்துக்குள் ‘ழு’ என்று தட்டி இடப்பக்க அம்பு விசையை அழுத்திப் பாருங்கள். நிலைகாட்டி முழு எழுத்தையும் ஒரே தாவலில் தாண்டும். அதற்குப் பதில் அழிப்பு விசையை அழுத்தினால் உகரம் மட்டும் போய் ழ நிற்கும். இலத்தீன் எழுத்து என்றால் மேலே இருக்கும் ஒலிக்குறியோடு முழுதாக அழியும். எந்த மொழிக்கு எப்படி என்று பேங்கோவுக்குள் விதி எழுதி வைத்திருக்கிறார்கள்.

வடிவங்கள் தயார், ஆனால் அவை இன்னும் படம் இல்லை. எழுத்துருவுக்குள் கொம்பு என்பது சில புள்ளிகளும் அவற்றுக்கிடையே ஓடும் வளைகோட்டுச் சமன்பாடுகளும்தான். அந்த வளைவைச் சதுரச் சதுரமான படப்புள்ளிகளில் போட்டால் படிக்கட்டாகத் தெரியும். ஆகவே ஓரத்துச் சதுரம் ஒவ்வொன்றிலும் வளைவு எவ்வளவு இடத்தை மூடுகிறது என்று கணக்கிட்டு, பாதி மூடினால் பாதிக் கறுப்பு, கால் மூடினால் கால் கறுப்பு என்று பூசுகிறார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் நம் அழகான கொம்பின் ஓரமெல்லாம் சாம்பல் நிறம்.

சாதாரணத் திரை ஒன்றில் 1920 பெருக்கல் 1080, அதாவது இருபது இலட்சத்துக்கு மேல் படப்புள்ளிகள். அது வினாடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகிறது. ஒரு தடவைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 17 மில்லி வினாடி. கண் ஒருமுறை இமைப்பதற்குள் ஆறு தடவையாவது திரை மாறிவிடும். பொத்தான் வெளுத்தபோது ஜிடிகே முழு ஜன்னலையும் தூக்கி மறுபடி வரையவில்லை. மாறிய துண்டை மட்டும் ஒட்டுப் போட்டது.

பெரியப்பாவுக்கு இதில் பாதியைத்தான் சொல்லி முடித்திருந்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “எழுத்து சின்னதா இருக்குப்பா” என்றார். ஒரே ஓர் எண்ணை மாற்றி மறுபடி கம்பைல் செய்தேன். எழுத்து பெருத்தது. கூடவே பொத்தான் அகன்றது, கட்டம் கீழே இறங்கியது, ஜன்னலும் வளர்ந்தது. ஒன்றும் ஒன்றின் மேல் ஏறவில்லை. ஜன்னல் தனக்குள் இருக்கும் ஒவ்வொருவரிடமும் ‘உனக்குக் குறைந்தது எவ்வளவு இடம் வேண்டும், வசதியாக இருக்க எவ்வளவு வேண்டும்’ என்று இரண்டு கேள்வி கேட்டு, பதிலையெல்லாம் கூட்டிய பிறகே இடத்தைப் பங்கிடுகிறது. எத்தனை பேர் இருப்பார்கள் என்று யாரையும் கேட்காமல் 10க்கு 12 அடியில் லயத்துக் காம்பரா கட்டி வரிசையாக அடுக்கியவர்களை நினைத்துக்கொண்டேன்.

“சரி, ஒரு பேரு போட்டுப் பாக்குறேன்” என்று கட்டத்தில் 7 என்று தட்டி ‘கூட்டு’ அழுத்தினார். கூட்டியது. 9 தட்டினார். கூட்டியது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாஞ் சரி. இதுல அரைப்பேரு எங்க போடுறது?”

அரை நாள் கூலிக்குப் போடுவது அரைப்பேர். எழுபது நிரலகத்தில் ஒன்றுக்கும் அது என்னவென்று தெரியாது. கோப்பைத் திறந்து 44 ஆவது வரிக்குப் போனேன்.